மாமாவைச் சாகடித்துவிட்டு மெட்ராஸ் போனேன்

கள்ளக்குறிச்சி ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. அதன்மேல் என் சித்தப்பா உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மரத்தை வெட்டிச் சாய்த்ததும் அவர்தான். கையில் சூட்கேஸ், காலில் பாலிஷ் போட்ட ஷூ, சட்டைப்பையில் இன்டர்வியூ கடிதம் என்று நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

“எங்கடா கெளம்பிட்ட மாப்பிள மாதிரி?”

“மெட்ராஸுக்கு சித்தப்பா. நாளன்னிக்கு இன்டர்வியூ.”

“இன்னா இன்டர்வியூ?”

“பிளேன் ஓட்டக் கத்துக்கிறதுக்கு. சொன்னேனே.”

சித்தப்பா பீடியை வாயிலிருந்து எடுத்தார். “அது அடுத்த வாரமில்ல?”

அடுத்த வாரம் இல்லை. ஒரு வாரம் மறியலை நடத்தி முடித்துவிட்டு, அதன் பிறகு என்னை மேளதாளத்தோடு பஸ் ஏற்றிவிடுவது என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். கணக்கில் ஒரு வாரம் பிசகிவிட்டது. புளியமரத்துக்கு அது தெரியாது.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் சாலையில் உட்கார்ந்த காலம் அது. எங்கள் பிள்ளைகளுக்கும் படிப்பில், வேலையில் ஒரு பங்கு வேண்டும் என்றார்கள். நியாயம்தான், இன்றைக்குக் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வேன். ஊர்க்கூட்டத்தில் சித்தப்பா ‘நம்ம புள்ளைங்க’ என்று பேசும்போதெல்லாம் உதாரணம் காட்டியது என்னை. “எங்க அண்ணன் மவன் பிசிக்ஸு படிச்சிட்டு மரவள்ளிக்குத் தண்ணி கட்டிகினு கெடக்கிறான்” என்பார். அந்த உதாரணம்தான் இப்போது மரத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் வேறு ஊர்களில் உயிர்கள் போயின. அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டு எழுத எனக்குக் கை வராது. எனக்கு நடந்தது மட்டும்தான் சிரிப்பு, அதை மட்டும் எழுதுகிறேன்.

பதினெட்டு மாதம் என்கிறார்கள்

“பெரிய விமான கம்பெனியில் பைலட் ஆக எத்தனை வருஷம் ஆகும்?” என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. பல் டாக்டர் என் வாயில் கையை விட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார். விளம்பரங்களில் பதினெட்டு மாதம் என்று போடுகிறார்கள். பணமும் அதிர்ஷ்டமும் மழையில்லாத வானமும் இருந்தால் பதினெட்டு மாதத்தில் லைசென்ஸ் வரலாம். ஆனால் லைசென்ஸ் வாங்குவது பெண் பார்த்துவிட்டு வருவது மாதிரி. கல்யாணத்துக்கு இன்னும் எத்தனையோ இருக்கிறது.

எனக்கும் அப்போது இது தெரியாது. கடிதத்தோடு வந்த அச்சடித்த தாளில் ‘இரண்டு வருடம்’ என்று இருந்தது. அதை அப்படியே என் தாய்மாமன் தங்கவேலுவிடம் ஒப்பித்தேன். கல்வராயன் மலையடிவாரத்தில் அவருக்கு நிலம், கிணறு, ஓயாத வாய் மூன்றும் இருந்தன.

“ரெண்டு வருஷமா? தென்னம்புள்ள காய்க்கவே ஏழு வருஷம் ஆவுது. ரயிலே வராத ஊர்ல பொறந்துட்டு, இவரு பிளேன் ஓட்டப் போறாராம்” என்றார் மாமா.

மாமாவுக்கு விமானத்தின் மேல் பழைய பகை ஒன்று உண்டு.

மாமா மேல் பெய்த மருந்து

நான் அரை டிராயர் போட்ட காலத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக்குப் பூச்சி வந்து, மருந்தடிக்க ஒரு குட்டி விமானம் வரவழைத்தார்கள். மாட்டைக் கொட்டகையில் கட்டுங்கள், கிணற்றை மூடுங்கள், யாரும் வெளியே வராதீர்கள் என்று முதல் நாளே தண்டோரா போட்டார்கள்.

ஜனங்கள் மாட்டைக் கட்டினார்கள், கிணற்றை மூடினார்கள். பிறகு குடும்பத்தோடு கரும்புக் கொல்லைக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றவர் மாமா. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சென்ட்டு வேறு.

விமானம் பனைமர உயரத்துக்கு வந்தது. ஓட்டியவரின் கண்ணாடி வெயிலில் மின்னியது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அடுத்த நொடி எங்கள் எல்லோர் மேலும் புகையாக ஏதோ இறங்கியது. எனக்கு அது சொர்க்க வாசல் திறந்த மாதிரி இருந்தது. மாமாவுக்குப் பத்து நாள் உடம்பெல்லாம் தடிப்பு. “பூச்சிக்கு ஒண்ணும் ஆவல, எனக்குத்தான் ஊறுது” என்று சொறிந்துகொண்டே ஊரெல்லாம் சொன்னார்.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். மேலிருந்து அடிக்கிற ஆளாக இருக்க வேண்டும், கீழே நிற்கிற ஆளாக அல்ல.

பால், பிரசவம், சாவு

மறுபடி புளியமரத்துக்கு வருவோம்.

“மரத்தத் தாண்டி வுடுங்க சித்தப்பா, நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்” என்றேன்.

“எங்க போவ? உளுந்தூர்பேட்டை வரைக்கும் எண்ணி முப்பது மரம் கெடக்குது. அதுக்கப்பால எவ்ளோன்னு எனக்கே தெரியாது. இன்னும் ஒண்ணு. எங்க அண்ணன் மவனுக்கே நான் வழி வுட்டா, மத்தவன் காறித் துப்ப மாட்டான்?”

எங்கள் ஊர் மறியலுக்குச் சட்டம் எழுதியவரும் அவர்தான். பால், பிரசவம், சாவு. இந்த மூன்றுக்கு மட்டும் வழி.

சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ பாலும் இல்ல, பிரசவமும் இல்ல. அப்ப சாவுதான்.”

கிழக்கே போக முடியாது. மேற்கே மலையேறி, அந்தப் பக்கம் கருமந்துறையில் இறங்கினால் சேலத்துக்கு எப்படியாவது போய்விடலாம். சேலத்திலிருந்து ரயில் ஓடுவதாகத் தகவல். மலை வரைக்கும் வழியில் மூன்று இடத்தில் மரம் கிடந்தது. அந்தத் திசையில் எங்களுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கவேலு மாமா. ஆகவே அவர் சாக வேண்டியதாயிற்று.

காரியங்கள் மளமளவென்று நடந்தன. சாவுக்குப் போகிறவன் ஷூ போட மாட்டான் என்று கழற்றச் சொன்னார்கள். சூட்கேஸும் ஆகாது என்று சாமான்களை ஒரு யூரியாச் சாக்குப்பைக்கு மாற்றினார்கள். கடைகள் பூட்டியிருந்ததால் மாலைக்கு எங்கே போவது என்று யோசித்தபோது சித்தப்பாவே ஈரத்துணியில் சுற்றிய ஒரு சம்பங்கி மாலையைக் கொண்டுவந்தார். வெளியூரிலிருந்து பேச வருவதாக இருந்த தலைவருக்கு வாங்கி வைத்தது. ரோட்டில் மரம் கிடந்ததால் அவராலும் வர முடியவில்லை.

சாவுக்குப் போனால் கோடி எடுத்துப் போக வேண்டும், செத்தவர் மேல் போர்த்தப் புதுத்துணி. என்னை வழியனுப்ப வந்திருந்த அப்பா வீட்டுக்குப் போய், பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த புது வேட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“நெஞ்சு வலின்னு சொல்லு. மச்சானுக்கு அதுதான் கௌரவமா இருக்கும்” என்றார்.

மூன்று மரங்கள்

சைக்கிளில் கிளம்பினேன். முதல் மரத்தில் சுலபமாக விட்டுவிட்டார்கள். மாலையைப் பார்த்ததும் எழுந்து நின்று, சைக்கிளை அவர்களே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். பொய் சொல்வது இவ்வளவு லேசா என்று எனக்கே தைரியம் வந்துவிட்டது.

இரண்டாவது மரத்தில் ஒரு பெரியவர் விசாரணைக் கமிஷன் வைத்தார்.

“நெஞ்சு வலின்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்கலாமே?”

“பாம்பும் கடிச்சிடுச்சுங்க” என்றேன்.

“ரெண்டுமா?”

“கெட்ட நேரங்க. ஒண்ணாவே வந்துடுச்சு.”

அவர் உச்சுக்கொட்டி வழிவிட்டார்.

மூன்றாவது மரம் மாமா ஊருக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம். அங்கே இருந்தவர்களுக்கு மாமாவைத் தெரியும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். இருபது வயசுக்கு அவ்வளவு மூளை இல்லை.

“தங்கவேலு அண்ணனா?” என்று ஒருவர் மரத்திலிருந்து குதித்தார். “நேத்து சாயங்காலம் என்கிட்ட மம்பட்டி வாங்கினு போனாரேப்பா!” அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

நானும் அழுதேன். அது நடிப்பில்லை, பயத்தில் வந்தது. உண்மையைச் சொன்னால் இன்டர்வியூ போச்சு. சொல்லாவிட்டால் உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு ஒப்பாரி வைக்க ஆள் போகும். இந்த இடத்தில் நான் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

“நீ முன்னால போ தம்பி. நாங்க மேளத்துக்குச் சொல்லிட்டுப் பின்னாலயே வர்றோம்” என்றார் அவர்.

மாமா வீட்டுப் பக்கமே போகாமல் ஏரிக்கரையைச் சுற்றி ஓடி, தெரிந்த ஒரு கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு மலையேறினேன்.

மலையில் மரம் இருந்தது

எங்கு பார்த்தாலும் மரம். ஒன்றுகூட ரோட்டில் கிடக்கவில்லை. வெள்ளிமலைக்குப் போகிற வழியில் கடுக்காய் மூட்டையோடு ஒரு மலைவாசி கூட நடந்து வந்தார். என் கையிலிருந்த மாலையைப் பார்த்து யார் செத்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். பிறகு எதற்கு மாலை என்றார். வேறு வழியில்லாமல் முழுக்கதையும் சொன்னேன்.

அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். “நாங்க ஒரு கிளையை ஒடிச்சாலே கேஸு போடறாங்க. நீங்க முழு மரத்த வெட்டிப் போட்டுட்டு அதுமேலயே ஒக்காந்துகினு இருக்கீங்களா?” என்று கேட்டார். அன்றைக்கு அவர் வீட்டில்தான் சாமைச் சோறும் படுக்கையும் கிடைத்தன. மாலையை அங்கே ஒரு வேப்பமரத்தடிச் சாமிக்குப் போட்டேன்.

மரத்துக்கு அந்தப் பக்கம்

பஸ், லாரி, ரயில் என்று மாறி, மூன்றாம் நாள் காலையில் யூரியாப் பையோடு மீனம்பாக்கத்தில் இருந்தேன். விமானம் ஓட்டக் கற்றுத் தரும் இடம் அங்கே இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு மானியத்தில் ஐந்து இடம். முப்பதுக்கு மேல் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வந்தது நாலு பேர்.

“மிச்சப் பேரெல்லாம் எங்கே?” என்று கேட்டார் நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி.

“மரத்துக்கு அந்தப் பக்கம் சார்” என்றேன்.

தள்ளி வைக்கலாமா என்று ஒருவர் இழுத்தார். இன்னொருவருக்கு மறுவாரம் மகள் கல்யாணம். இன்றைக்கே முடித்துவிடுவோம் என்றார். ஐந்து இடம், நாலு பேர், நாலு பேருக்கும் கிடைத்துவிட்டது. என் திறமையைப் பற்றி இதுவரை நீங்கள் ஏதாவது உயர்வாக நினைத்திருந்தால் இத்துடன் விட்டுவிடலாம்.

“நான் மரத்த வெட்டினதாலதான் இவனுக்கு சீட்டு கெடைச்சுது” என்று சித்தப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துப் பேசியதில்லை. அவர் சொன்னதும் உண்மைதான். அதே மரத்தால் வராமல் போன பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள்தான். அவர்களில் ஒருவரையாவது எங்கேயாவது பார்த்துவிடுவேனோ என்று எனக்கு ரொம்ப நாள் கூச்சம் இருந்தது.

வாடா எமா

பத்து நாள் கழித்து ஊர் திரும்பியதும் முதலில் மாமா வீட்டுக்குத்தான் போனேன். உதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

நடந்ததை அத்தை சொன்னாள். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது மேளச்சத்தம் கேட்டதாம். யார் போனது என்று கேட்டிருக்கிறாள். “ஒன் வூட்டுக்காரருதாம்மா” என்று மம்பட்டிக்காரர் காலில் விழுந்து கதறியிருக்கிறார். அத்தையும் மாரில் அடித்துக்கொண்டு அலறியிருக்கிறாள். உள்ளேயிருந்து மாமா கையில் களி உருண்டையோடு வந்து, “ஏண்டி அழுவுற? எவன் செத்தான்?” என்று கேட்டிருக்கிறார்.

“நீங்கதான்” என்றாளாம் அத்தை. சொல்லிவிட்டு இன்னும் பலமாக அழுதாளாம்.

வந்ததற்கு அடித்துவிட்டுத்தான் போவோம் என்றார்களாம் மேளக்காரர்கள். மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தன் சாவு மேளத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டு, தாளம் சரியில்லை என்று குறையும் சொன்னாராம்.

“வாடா எமா” என்றார் என்னைப் பார்த்ததும். “சீட்டு கெடைச்சுதா?”

“கெடைச்சுது மாமா.” யூரியாப் பையிலிருந்து கோடி வேட்டியை எடுத்து அவர் காலடியில் வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

“எழுந்திரு. செத்தான்னு பேரு வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்வாங்க. நீ பிளேன் ஓட்டுற வரைக்கும் நான் சாவப் போறதில்ல. சும்மா தம்மாத்தூண்டு பிளேன் இல்ல, பெரிய பிளேனு. ரெண்டு வருஷம்தானே? இருந்து பாத்துட்டுப் போறேன்.” வேட்டியை எடுத்து அத்தையிடம் நீட்டினார். “இத பொட்டியில வையிடி. ஒருத்தனுக்குன்னு எடுத்த கோடிய இன்னொருத்தன் கட்டக் கூடாது.”

நான் எப்ப சாவறது?

இரண்டு வருடம் போனது. என் கணக்கில் நாற்பது மணி நேரம்தான் பறந்திருந்தேன். இருந்தது இரண்டு விமானம். ஒன்று எப்போதும் ரிப்பேர், இன்னொன்றுக்கு எப்போதும் பெட்ரோல் இல்லை. பெட்ரோல் வந்தால் மழை வந்தது. அன்றன்றைக்குப் பறக்கிறவர்களை எழுதும் பலகையில் என் பெயரை எழுதி, அழித்து, எழுதி, சாக்பீஸ்தான் தேய்ந்தது. பரீட்சையில் வானிலைப் பாடத்தில் இரண்டு தடவை தோற்றேன்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமா கேட்பார். “இன்னாடா எமா, ஆயிடுச்சா? நான் எப்பத்தான் சாவறது?”

“இன்னும் கொஞ்சம் இருங்க மாமா.”

தொழில்முறை லைசென்ஸுக்கு இருநூற்றுச் சொச்சம் மணி சேர்க்க ஏழு வருடம் ஆனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலையில்லாமல் மூன்று வருடம். சோறு போட்டது ஒரு டுடோரியலில் சொல்லிக்கொடுத்த பிசிக்ஸ்தான். பிறகு தனியார் விமான கம்பெனிகள் ஆள் எடுத்தன. நான் சேர்ந்த முதல் கம்பெனி எட்டே மாதத்தில் மூடிக்கொண்டது. மாமா அதைக் கேட்டு, “நீ ஏறினா மூடிடுதுடா, எறங்கிடு” என்றார். இரண்டாவது, பெரிய கம்பெனி. அதில் வலது பக்க இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்து, ஆயிரத்து ஐந்நூறு மணியைத் தாண்டி, பெரிய லைசென்ஸ் எழுதி, கேப்டன் உட்காருகிற இடது பக்க இருக்கைக்கு வரிசையில் நின்றேன். நடுவில் மாமாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன், இடுப்பில் ஒரு முறிவு, நிஜமாகவே ஒரு நெஞ்சு வலி. மூன்றிலும் பிழைத்துக்கொண்டார். டாக்டரிடமே, “எனக்கு இன்னும் உத்தரவு வரலீங்க, எமன் பரீட்சைக்குப் படிச்சிகினு இருக்கான்” என்றாராம்.

தோளில் கேப்டனுக்கான நாலாவது கோடு ஏறிய அன்று முதல் போன் அவருக்குத்தான் போட்டேன்.

“மாமா, ஆயிடுச்சு.”

“பெரிய பிளேனா?”

“பெரிய பிளேன். நூத்தம்பது பேர் ஒக்காரலாம்.”

“நீதான் ஓட்டுறியா, பக்கத்துல ஒக்காந்துகினு வர்றியா?”

“நான்தான் ஓட்டுறேன் மாமா.”

“எத்தினி வருஷம் ஆச்சு?”

“பத்தொம்பது.”

“தென்னம்புள்ளையே தேவல” என்றார் மாமா. “சரிடா. அப்ப நான் பாத்துக்கறேன்.”

கோடி

அடுத்த மாதமே போய்விட்டார். நான் வெளிநாட்டில் இருந்தேன். தகவல் வந்தபோது அங்கிருந்து திரும்பி வர வேண்டிய விமானத்தை ஓட்ட வேண்டியவனே நான்தான். இறங்கி, கார் பிடித்து, கள்ளக்குறிச்சி தாண்டி மலையடிவாரம் போய்ச் சேர்ந்தேன். வழி நெடுக ரோட்டில் ஒரு சுள்ளிகூடக் கிடக்கவில்லை, என்னை யாரும் நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அன்று பொய்க்குக் கோடி எடுத்துக்கொண்டு மூன்று மரத்தைத் தாண்டினேன். இன்று நிஜத்துக்கு வெறுங்கையோடு, அதுவும் மறுநாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை வந்துவிட்டது. நாலு கோடு போட்ட சட்டையோடு தரையில் உட்கார்ந்து சின்னப் பையனாட்டம் அழுதேன்.

“கோடிகூடப் போட முடியலியே அத்தை.”

அத்தை என் தலையைப் பிடித்து நிமிர்த்தினாள். அவள் முகத்தில் அழுகை இருந்தது. அதோடு கூட, மாமாவோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்தியதில் ஒட்டிக்கொண்ட அந்தக் குசும்பும் இருந்தது.

“எல்லார் கோடியும் வர்றதுக்கு முன்னாடி பொட்டியத் தொறந்து ஒன் கோடியத்தான்டா மொதல்ல போத்துனேன். பத்தொம்பது வருஷம் முன்னாடியே கொண்டாந்து குடுத்துட்ட. ஒன்னப் போயி எவன் லேட்டுன்னு சொல்லுவான்?”